‘கோரப்பல் கோமான்’ ஓடட்டும்!

பேசுகிறவர் வாயை அடைக்க மேசைமேல் மணி வைத்துக்கொண்டு, அடிக்க மனம் வராமல் அமர்ந்திருக்கும் அவைத்தலைவர் சௌந்தரராஜன் ஐயா அவர்களே! எனக்கு முன்னால் முழங்கிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும் ஷிப்ட் ஃபோர்மேன் கோபால் சார் அவர்களே! பென்ஷன் வாங்கிய பெரியவர்களே, வாங்கப் போகிறவர்களே, கிடைக்குமா என்று தெரியாமல் கலங்கிக் கிடப்பவர்களே! நந்திதுர்க் லைன் வீட்டுத் தாய்மார்களே! கோரமண்டலிலிருந்து வந்திருக்கும் அக்காமார்களே! நாற்காலி போதாமல் சுவரேறி உட்கார்ந்திருக்கும் தம்பிமார்களே! விடியுமுன் ரயிலேறி, பெங்களூரில் ஊரான் சட்டைக்குக் காலர் தைத்துவிட்டு, விளக்கு வைத்தபின் வீடு திரும்பும் சுனிதாவின் வணக்கம் உங்கள் அனைவருக்கும்.

நம் தங்கச் சுரங்கத் தொழிலாளர் நலச்சங்கத்தின் முன்னால் இன்று ஒரு தீர்மானம் இருக்கிறது. சங்கத்து இடத்தில் நிற்கும் நம் டாக்கீஸில் ஓடுகிற ‘கோரப்பல் கோமான்’ என்னும் டப்பிங் படத்தை நிறுத்த வேண்டுமாம். அது மட்டுமா? ஞாயிறு பகலில் நடக்கும் பெண்கள் காட்சியையே அடியோடு ரத்து செய்ய வேண்டுமாம். கொண்டுவந்தவர் கோபால் சார். எதிர்க்க வந்தவள் நான். தோற்றால் போவது ஒரு படம் மட்டுமல்ல. இந்தக் கேம்பின் பெண்களுக்கு வாரத்தில் அடுப்பும் இல்லாமல் அதட்டலும் இல்லாமல் உட்காரக் கிடைத்த ஒரே இடம் போய்விடும்.

கோபால் சார் கேட்டார்: “ரத்தத்தைப் பார்த்துக் கைதட்டுவது பெண்மையா?”

படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். (கூட்டத்தில்: “வேணாம்மா, நாளைக்கிப் பாக்கணும்!”) பொறுங்கள் தம்பி, பாதிதான் சொல்வேன். ஒரு பெரிய பட்டணம். அதன் நடுவில் ஒரு கண்ணாடிக் கட்டடம். கட்டடத்துக்கு அடியில், பாதாளத்தில் ஓர் அரண்மனை. அங்கே கோட்டு போட்டு, டை கட்டி, முந்நூறு வருஷமாகச் சாகாமல் வாழ்கிறான் ஒரு ரத்தக்காட்டேரி. மேலே வேலை செய்பவர்களின் ரத்தம் குழாய் வழியாக அவன் கோப்பைக்கு வருகிறது. அவனை ஒழிக்க ஒரு பெண் புறப்படுகிறாள். இரு கையிலும் வாள். மோட்டார் சைக்கிளோடு மாடிக்கு மாடி தாவுகிறாள். ஒருவனை வெட்டினால் பின்னால் நிற்கிற பத்துப் பேர் வெடிக்கிறார்கள். ரத்தம் திரையை விட்டு வெளியே தெறிக்குமோ என்று முன்வரிசை குனிகிறது!

நம்பும்படி இருக்கிறதா? இல்லை! பிடித்திருக்கிறதா? பிடித்திருக்கிறது! ஏன் பிடித்தது? அதைச் சொல்லத்தான் வந்தேன்.

நம் ஊரில் ரத்தம் எப்படி வரும், பெரியவர்களே? இருமலில் வரும். துண்டின் ஓரத்தில் வரும். நாம் துவைத்துக் காயப்போட்டுவிடுவோம். வெளியே சொல்ல மாட்டோம், பெண்ணுக்கு வரன் வராது என்று. யார் குடித்தது அந்த ரத்தத்தை? யாருக்குத் தெரியும்! பூமிக்கடியில் மைல் கணக்கில் இறங்கியவர்கள் நாம். கழுத்தில் தங்கம் மின்னியவர்கள் வேறு யாரோ. நமக்கு மிஞ்சியது வாசலில் தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைட் மேடு, நெஞ்சில் கல்தூசி. இப்போது நஷ்டம், சுரங்கத்தை மூடப்போகிறோம் என்கிறார்கள். நூறு வருஷ லாபத்தில் பங்கு கேட்டோமா? நஷ்டத்தில் மட்டும் முழுப் பங்கு நமக்கா?

அந்தப் படத்தில் பீய்ச்சியடிப்பது பொய் ரத்தம்தான். வெறும் சாயத் தண்ணீர். ஆனால் குடித்தவன் முகத்தைக் காட்டுகிறார்கள்! பல்லைக் காட்டுகிறார்கள்! கடைசியில் அவன் கணக்கைத் தீர்க்கிறார்கள்! நம் வாழ்க்கையில் நடக்காத மூன்றும் ஒரே படத்தில் நடக்கிறது. கைதட்டாமல் என்ன செய்வோம்?

கோபால் சார் இன்னொன்றும் சொன்னார். “போன ஞாயிறு நம் வீட்டுப் பெண்கள் நடுத்தெருவில் தலைவிரிகோலமாக ஓடினார்கள். இந்தப் படம் செய்த வேலை அது. மானம் கப்பலேறியது” என்றார். சரி. ஓடினோம். ஏன் ஓடினோம் என்று யாராவது கேட்டீர்களா?

கடைசிக் காட்சி. பாதாள அரண்மனையில் அவள் அவனை டையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து லிஃப்டில் தள்ளுகிறாள். “ரத்தம் குடிச்சவனே, இன்னைக்கு வெயிலைக் குடி!” என்கிறாள். வெயில் பட்டால் அவன் சாம்பல். லிஃப்ட் ஏறுகிறது. மாடி மாடியாக ஏறுகிறது. அப்போது கொட்டகையில் என்ன நடந்தது தெரியுமா? யாரோ ஒருத்தி நாற்காலிக் கையில் தட்டினாள், சுரங்கத்துக்கு ஆளை இறக்கி ஏற்றும் கேஜில் ஆள் ஏறியாச்சு, மேலே இழு என்பதற்கு அடிக்கிற அதே மணியின் தாளத்தில். பக்கத்தில் இருந்தவள் தட்டினாள். வரிசை தட்டியது. கொட்டகையே தட்டியது! இந்த உலகத்தில் எந்த ஊரில் ஐயா, ஒரு காட்டேரியை மணி அடித்து மேலே ஏற்றியிருக்கிறார்கள்? (பலத்த கைதட்டல்)

அந்த நேரம் பார்த்துப் பாதாள அரண்மனை வெடித்தது. நம் ஆபரேட்டர் டக்ளஸ் பெங்களூரிலிருந்து புது ஸ்பீக்கர் கொண்டுவந்து மாட்டியிருந்தார். தரை அதிர்ந்தது. தகரம் அதிர்ந்தது. நம் பெண்களுக்குத் தரை அதிர்ந்தால் ஒரே அர்த்தம்தான்: ஏர் பிளாஸ்ட். கீழே பாறை வெடித்துவிட்டது. அண்ணனோ அப்பனோ புருஷனோ அடியில்.

யாரும் யாரையும் கூப்பிடவில்லை. எழுந்தோம். ஓடினோம். கேஜ் இறங்கும் ஷாப்ட் வாசல் வரைக்கும் மூச்சு விடவில்லை.

அங்கே மணி அடிக்கிற ரவிகுமார் அண்ணன் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“இன்னாம்மா, ஊரே கெளம்பி வந்துகீது? இன்னா விசேசம்?”

முன்னால் நின்ற ரத்தினம்மா அக்கா கேட்டார்: “எத்தினி பேருப்பா?”

“எத்தினி பேரு இன்னா?”

“போனவங்க.”

“யாரும் போவலியேக்கா. ஷிப்ட்டு பாட்டுக்கு நடந்துகினு கீது. ஒரு சத்தமும் இல்லியே. நீங்க எங்கேர்ந்து வரீங்க?”

“படத்துலேர்ந்து” என்றாள் ஒருத்தி.

பிறகு ரத்தினம்மா அக்காதான் கேட்டார்: “ஏண்டி, அப்ப இடிஞ்சது அந்தப் பல்லன் வூடாடி?”

அவ்வளவுதான்! சிரித்தோம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கேஜ் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் தோளில் ஒருவர் விழுந்து சிரித்தோம். ரத்தினம்மா அக்கா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவர் புருஷனைக் கேஜிலிருந்து இறக்கிப் போட்டது அதே வாசலில்தான். அந்த வாசலுக்கு ஓடிப்போய், யாரும் சாகவில்லை என்று கேட்டுத் திரும்பியவர்களை இந்த ஊர் எத்தனை தடவை பார்த்திருக்கிறது? அந்த வாசலில் பெண்கள் சிரித்து யாராவது கேட்டிருக்கிறீர்களா? இதுவா மானக்கேடு? இது வெற்றி ஐயா, வெற்றி!

வீட்டுக்கா போனோம்? டாக்கீஸுக்குப் போனோம். டக்ளஸ் ரீலைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“மாட்டுய்யா. அவன் சாவறத நாங்க பாக்கல.”

“அக்கா, அடுத்த ஷோவுக்கு ஆளு உள்ள வந்தாச்சு.”

“வரட்டும். மொதல்ல அவன் செத்தத பாக்கட்டும், அப்பால பொறக்கறத பாக்கட்டும். மாட்டு!”

மாட்டினார்! வெயிலில் அவன் பொசுங்கினான், பொடிந்தான், காற்றில் பறந்தான். எங்கள் விசில் ஊரைத் தாண்டியது.

கோபால் சார், ஒன்று சொல்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த ஞாயிறு நீங்கள் பகல் ஷிப்ட். கீழே லெவலில் இருந்தீர்கள். எங்களுக்கெல்லாம் முன்னால், செருப்பு கழன்றது தெரியாமல் ஓடிய ஒருவர் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன்.

யாரது எழுந்திருப்பது? ஜெயம்மா அக்காவா? நான் எதுவும்... சரி, தம்பி, மைக்கை அக்காவிடம் கொடுங்கள்.

“நீ சொல்ல வாணாம் சுனிதா, நானே சொல்றேன். இன்னாங்க, நான்தான் ஓடனது. தலமுடி அவுந்துதான் கெடந்துது. அத நெனச்சிப் பாக்க எனக்கு நேரமில்ல. நீங்க கீழ இருந்தீங்க.”

கோபால் சார் எழுந்துவிட்டார். சத்தமாகச் சொல்லுங்கள் சார், பின்வரிசைக்குக் கேட்கவில்லை.

“ஏன் எங்கிட்ட சொல்லல ஜெயா?”

“சொன்னா, மறுநாளு கேஜுல எறங்கசொல்ல உங்களுக்கு அந்த நெனப்பு வரும். அதான் சொல்லல.”

(ஜெயம்மா மைக்கைத் திருப்பிக் கொடுக்கிறார்.)

நான் தயாரித்து வந்த பேச்சு இன்னும் இரண்டு பக்கம் இருக்கிறது, தலைவர் அவர்களே. இனி அது எதற்கு? கோபால் சார் ஏதோ சொல்ல வருகிறார். சொல்லுங்கள் சார்.

“தலைவரே, தீர்மானத்த வாபஸ் வாங்கிக்கறேன்.”

(நீண்ட கைதட்டல். விசில்.)

தாய்மார்களே, தட்டுங்கள்! நம் ரத்தத்தைக் குடித்தவன் கோட்டும் டையுமாக எந்தக் கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்திருக்கிறான் என்று இனித்தான் தேட வேண்டும். கிடைத்தால் வெயிலுக்கு இழுத்துவர இந்த ஊர்ப் பெண்களுக்குத் தெம்பு உண்டு என்று இன்று தெரிந்துவிட்டது. மூடுகிறேன் என்று வருகிறவர்களிடமும் இதே குரலில் பேசுவோம்!

என்ன சார் கேட்கிறீர்கள்? நீங்களும் வரலாமா? ஞாயிறு பகல் பெண்கள் காட்சி சார், வாசலிலேயே ரத்தினம்மா அக்கா நிறுத்திவிடுவார். உங்களுக்குச் சனிக்கிழமை இருக்கிறது. அக்காவையும் அழைத்துப் போங்கள், லிஃப்ட் ஏறும்போது எப்படித் தட்டுவது என்று அவர் காட்டுவார்.

பேச இடம் தந்த தலைவருக்கும், எதிர்த்து நின்று பெருந்தன்மையோடு இறங்கி வந்த கோபால் சாருக்கும், என்னைவிட நன்றாகப் பேசிய ஜெயம்மா அக்காவுக்கும், இரவுச் சோற்றைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்ட உங்கள் அனைவருக்கும் என் நன்றி. இன்று கீழே இறங்கியிருக்கும் ஷிப்ட் முழுசாக மேலே வரட்டும். வணக்கம்!