பிடில் சடையாண்டி வாசிக்காத பாட்டு

டச்சுக்காரன் கொடி இன்னும் இறங்காத காலம். சுமத்ராவில் மேடான் என்று ஓர் ஊர். அங்கே பாபுரா ஆற்றை ஒட்டி நம் ஆட்கள் குடியிருந்த ஒரு சந்து. அந்தச் சந்தில் சடையாண்டி என்று ஒருவர் இருந்தாராம். பிடில் வாசிப்பவர். கோயில் பஜனையிலும் வாசிப்பார், ஜாவாக்காரர்களோடு உட்கார்ந்து குரோன்சோங்கும் வாசிப்பார். குரோன்சோங் அந்தத் தேசத்துப் பாட்டு. கேட்டால், விட்டுப்போன ஆட்களெல்லாம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தது போலிருக்கும்.

அவருக்குப் பக்கத்தில் ஆளுயரப் பெரிய பிடிலை விரலால் மீட்டுபவர் கார்சோ, ஜாவாக்காரர். இருவருக்கும் ஒரே சுருட்டுதானாம், மாற்றி மாற்றி இழுப்பார்களாம்.

விடுதலைச் சண்டை மூண்டது. கார்சோவின் ஒரே மகன் காட்டுக்குப் போனான். உடல்கூடத் திரும்பவில்லை. விடுதலைப் பாட்டை ஒரு வரி வாசித்தாலும் சிறை என்று டச்சுக்காரன் சொல்லிவிட்டான். சடையாண்டி சந்தையில் வாசித்தார். பிடிலை மிதித்து உடைத்து, ஆளையும் கொண்டுபோய் அடைத்தார்கள். வெளியே வந்தவர் பழைய ஆளில்லை என்பார்கள். யாராவது கதவைத் தட்டினால் உடம்பு தூக்கிப்போடுமாம்.

அப்புறம் அவர் மகள் அஞ்சலைக்குக் கல்யாணம் கூடியது. கார்சோ வந்தார். அவர் பேசியது மலாய். நம் பேச்சில் சொன்னால் இப்படி:

"சடை, என் மகனுக்குக் கல்யாணமும் இல்லே, கருமாதியும் இல்லே. உன் வீட்டுப் பந்தல்லே அந்தப் பாட்டு ஒரு தடவை. அது போதும்."

சரி என்று சொல்லிவிட்டாராம் சடையாண்டி. பெண்சாதி பொன்னுருவி உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வாக்குக் குடுக்க நல்லாத்தான் தெரியுது. சம்பந்தி வீட்டார் முன்னாடி வெலங்கு மாட்டிக்கிட்டுப் போவீகளா? அதையும் மக மொகத்தப் பாத்துச் சொல்லிருங்க."

அவர் சொல்லவில்லை. சிநேகிதனுக்குத் துரோகமா, பெற்ற பெண்ணுக்குத் துரோகமா? அன்றைக்குச் சந்தையில் வாசித்தது துணிச்சலா, வெறும் வீம்பா? கேட்டுக்கொண்டே இருந்தாராம், தன்னையே.

கூட்டம் கூட அனுமதி வேண்டிய காலம் அது. அனுமதியோடு ஒரு டச்சு சார்ஜென்டும் வந்தான். முன்வரிசையில் உட்கார்ந்து ஜிலேபி தின்றானாம்.

தாலி ஏறியது. சடையாண்டி இரவல் பிடிலைத் தோளில் வைத்தார். வில் இறங்கியது. தந்திக்கு ஒரு மயிரிழை மேலே நின்றது. நின்ற இடத்திலேயே ஓடத் தொடங்கியது. இழுக்கிறார், தள்ளுகிறார், சத்தம் மட்டும் இல்லை.

"தந்தி அந்துபோச்சா?" என்றாராம் சம்பந்தி.

கார்சோ வில்லைப் பார்த்தார். எத்தனை வருஷம் பக்கத்திலிருந்து பார்த்த கை. எந்தப் பாட்டுக்கு எப்படி ஓடும் என்று அவருக்குத் தெரியாதா? அவரும் விரலைத் தந்திக்கு மேலே அசைத்தார். பந்தல் வாசலில் நின்ற ஜாவாக்காரர்கள் தொப்பியைச் சரிசெய்து நிமிர்ந்தார்கள். நம் ஆட்களும் எழுந்தார்கள். உதடுகள் அசைந்தன.

சார்ஜென்ட் எழுந்து வந்தான். என்ன வாசிக்கிறாய் என்று கேட்டான்.

"ஒண்ணும் வாசிக்கலே, துவான்," என்றாராம் சடையாண்டி. துவான் என்றால் துரை.

அது நிஜம்தானே? காதைக் கொடுத்துக் கேட்டான். ஆற்றுச் சத்தம், அடுப்படியில் கரண்டிச் சத்தம். எதற்கென்று பிடித்துப் போவான்? போய் உட்கார்ந்தான்.

பாட்டு முடிகிற இடத்தில் கார்சோவின் விரல் தந்தியில் பட்டது. ஒரே ஒரு மீட்டு. அடிவயிற்றிலிருந்து வருகிற மாதிரி ஒரு சத்தம். அதற்குப் பிறகு கல்யாணப் பாட்டு தொடங்கிவிட்டது.

பயந்துதான் தந்தியைத் தொடவில்லை என்று சடையாண்டி கடைசிவரை சொல்வாராம். கார்சோ சுருட்டை அவர் பக்கம் நீட்டுவாராம்.

அந்தச் சந்துக்கு இன்றைக்கும் பிடில் சந்து என்றுதான் பெயர். இப்போது கல்யாணத்துக்கு வருவது கீபோர்டு. ஆனாலும் தாலி ஏறியதும் எல்லோரும் எழுந்து நிற்போம். வாசிப்பவன் கட்டைகளுக்கு மேலே விரலை ஓட்டுவான், தொடமாட்டான். வெளியூரார் கரண்டு போய்விட்டதா என்று கேட்பார்கள். கடைசியில் ஒரே ஒரு கட்டையை அழுத்துவான்.

அது கார்சோவின் மகனுக்கு. அதற்கு அப்புறம்தான் இலை போடுவோம்.