ஆறாவது நகம்

எனக்குக் கையெழுத்து சுமார்தான். படம் ஓரளவு வரும். அதனால் நோயாளிப் பராமரிப்பு மாலை வகுப்பில் நகங்களைப் பற்றிய பாடம் எனக்குப் பிடித்திருந்தது. ஆறு வகை நகங்களை ஆட்களிடம் நேரில் பார்த்து நோட்டில் வரைய வேண்டும். புத்தகத்தைப் பார்த்து வரைந்தால் டீச்சர் சான்றிதழ் தரமாட்டார்.

ஐந்து எளிதில் கிடைத்தன. தையல்காரம்மாவின் நகங்கள் வெளுத்துக் கரண்டிபோல் குழிந்திருந்தன. ரத்தம் குறைவோ என்று டாக்டரிடம் அனுப்பினேன், அப்படியே இருந்தது. மாத்திரை சாப்பிடுகிறார், இப்போது என்னைக் கண்டால் கும்பிடுகிறார். ஆறாவதுதான் கிடைக்கவில்லை: நகத்தின் குறுக்கே ஓடும் பள்ளக் கோடு. கடும் காய்ச்சலோ பெரிய மன அதிர்ச்சியோ வந்தால் நகம் கொஞ்ச நாள் வளராமல் நின்றுவிடலாம், ஒன்றிரண்டு மாதத்தில் அந்தக் கோடு வெளியே தெரியும் என்று புத்தகம் சொன்னது. நோட்டைக் கொடுக்க மூன்று மாதம் இருந்தது.

காய்ச்சல் என் கையில் இல்லை.

அத்தானைத் தேர்ந்தெடுத்ததில் பகை எதுவும் இல்லை. அக்கா வீட்டில்தான் இருக்கிறேன். பக்கத்தில் இருந்த கை அவருடையது. ஒரு ஞாயிறு காலை அவர் நகம் வெட்டிக்கொண்டிருந்தபோது கையை வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு விரலாக வெளிச்சத்தில் திருப்பினேன். பிறகு மறு கையையும் கேட்டேன்.

“என்னம்மா அப்படிப் பாக்குற?”

“ஒண்ணுமில்ல அத்தான்.”

“ஒண்ணுமில்லன்னா மூஞ்சி ஏன் அப்படிப் போகுது?”

“உங்கப்பா எந்த வயசுல தவறினாரு?”

இதில் பொய் எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அன்றைக்குப் படுத்தவர்தான். மூன்று டாக்டர்கள் ஒன்றுமில்லை என்றார்கள். “மூணு பேரும் ஒரே மாதிரி மறைக்கிறாங்கன்னா பாத்துக்கோ” என்றார் அக்காவிடம். நீண்ட விடுப்பு போட்டார். சைக்கிள் யாருக்கு, கைக்கடிகாரம் யாருக்கு என்று எழுதி வைத்தார். கடிகாரம் எனக்கு.

வாராவாரம் அவர் நகத்தை அளந்தேன். கோடு வரவில்லை. படுக்கையில் சூப் குடித்தே மூன்று கிலோ ஏறியிருந்தார். செய்முறையில் எங்கோ பிழை விட்டுவிட்டேனோ என்று கலங்கினேன்.

ஏழாவது வாரம் அக்கா இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்து எனக்கு டீ நீட்டினாள். எட்டு விரலிலும் கோடு. கட்டைவிரல்களை அப்புறம் பார்த்துக்கொண்டேன்.

“நான் தூங்கி எத்தன நாளாச்சு தெரியுமாடி? அவருக்கு ஒண்ணுன்னா நான் என்ன பண்ணுவேன். நீ படிக்கிறவ, மறைக்காம சொல்லு. இன்னும் எவ்வளவு நாளு?”

“கையக் குடுக்கா” என்றேன்.

டீச்சர் படத்தை வகுப்பு முழுவதற்கும் காட்டினார். சான்றிதழும் வந்துவிட்டது. உண்மையைச் சொல்லத்தான் போகிறேன். ஆனால் அந்தக் கோடு நகத்தோடு வளர்ந்து நுனியைத் தொட இன்னும் நாலைந்து மாதமாகும். அதையும் அளந்து எழுதினால் மேல்வகுப்பில் சேர்த்துக்கொள்வார்கள். இப்போது சொன்னால் அக்கா கையை வேறு விதமாகத்தான் நீட்டுவாள். அதனால் “கொஞ்ச நாள் பாப்போம்க்கா” என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரி இல்லை. எனக்கும் சரியாகத் தூக்கம் வருவதில்லை. முதல் அளவை எடுத்தபோது ஸ்கேலை நேராக வைத்தேனா என்று ஒரே உறுத்தல்.