இருபத்திமூணாம் நம்பர் படம்

— அரே பாபா, மெதுவாப் பேசு ராம்கி. கேன்டீனே திரும்பிப் பார்க்கறது.

— பாக்கட்டும் பத்மஜாக்கா. என்னைய மாதிரி கவிதை அனுப்புனவன் அடுத்தவுக படத்துக்கு மார்க் போடணும்னு எவன் கண்டுபிடிச்சது? நான் படிக்கிற மோட்டாரைப் பத்திக் கேளுங்க, சொல்றேன். படத்தைப் பத்தி எனக்கு என்னா தெரியும்?

— நம்ம யுனிவர்சிட்டி கலை விருதுல அதான் ரூல். போட்டியில இருக்கறவாளே ஒருத்தருக்கொருத்தர் மார்க் போடணும். பேர் கிடையாது, நம்பர்தான். யாரோடதுன்னு தெரிஞ்சுடுத்துன்னா மார்க் போடாம திருப்பிக் கொடுத்துடணும்.

— நீங்களும் அனுப்பிருக்கீகளா?

— மூணாவது வருஷமா. இந்தத் தடவையும் கிடைக்கலேன்னா பேங்க் பரீட்சைதான்னு அப்பா சொல்லிட்டார். கரியாஹாட் மார்க்கெட்கிட்ட கோச்சிங் கிளாஸ் வரைக்கும் விசாரிச்சு வச்சாச்சு.

— ஆத்தாடி! சரி, எனக்கு வந்தது இருபத்திமூணாம் நம்பர். இந்தாங்க, போன்ல பாருங்க. டாக்குரியா ஸ்டேஷன். காய்க்கூடையோட ஒரு அம்மா. ரயிலு போயிருச்சு, கூடவே ஒரு செருப்பும் போயிருச்சு. என்னா எழுதட்டும்?

— இதுவா உனக்கு வந்தது? போனை அந்தப் பக்கம் திருப்பு.

— என்னக்கா, சரியாப் பாக்கக்கூட இல்லையே?

— வேற யாரையாவது கேளேன்.

— நீங்க ஓவியம் படிக்கிறவுக. உங்களை விட்டா யாரைக் கேக்க?

— சீ, தூர்! நன்னா இல்லை. எழுதிக்கோ. இடது கை சரியா வரலை. மூணு தடவை அழிச்சு அழிச்சு வரைஞ்சும் மரக்கட்டை மாதிரி இருக்கு.

— மூணு தடவை அழிச்சது போன்ல தெரியுதா?

— தெ... தெரியறதே. கண்ணு இருக்கறவாளுக்குத் தெரியும். அப்புறம், பிளாட்ஃபாரம் சரிஞ்சு கிடக்கு. கத்தரிக்காய்க்கு அந்த ஊதா யார் போடச் சொன்னா? பக்கெட்டோட கவிழ்த்த மாதிரி.

— இருங்கக்கா, இருங்க. எனக்குப் படம் பிடிச்சிருக்கே!

— பிடிச்சிருக்கா?

— பிடிச்சிருக்காவா? முதத் தடவை பாத்தப்ப வாய்விட்டுச் சிரிச்சேன். ஒத்தச் செருப்போட நிக்கிறாங்களே, மூஞ்சியில ஒரு அழுகை இல்லை, கோவம் இல்லை. போன ரயிலைப் பாத்துச் சிரிக்கிறாங்க. இந்த ஊருக்குப் புதுசா வந்து, பெங்காலி பாஷை தெரியாம, ஹாஸ்டல்ல மொகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டுக் கிடந்தேன். இந்தப் படத்தைப் பாத்தப்புறம், போனா போகுது, அடுத்த வண்டி வரும்னு தோணுச்சு.

— நிஜமாவா சொல்றே?

— சத்தியமா. பத்துக்கு எவ்வளவு போடலாம்? எட்டு? ஒம்பது?

— அஞ்சு போடு.

— அஞ்சா? மனசாட்சி இருக்காக்கா உங்களுக்கு? பாவம், எந்தப் புள்ளை கஷ்டப்பட்டு வரைஞ்சதோ. ஒம்பது போடுன்னு சொல்லுங்க, போட்டுர்றேன்.

— என்னைச் சொல்லச் சொல்லாதே.

— ஒரு வார்த்தைதானேக்கா!

— முடியாது ராம்கி. நீ அஞ்சும் போட வேண்டாம், ஒன்பதும் போட வேண்டாம். திருப்பிக் கொடுத்துடு.

— திருப்பிக் கொடுக்கவா? மணி நாலாச்சு. அஞ்சோட முடியுது. இனிமே எந்த ஆளைப் பிடிச்சுப் பாக்கச் சொல்லுவாங்க? மார்க் இல்லேன்னா படம் போட்டியிலருந்தே போயிருமே.

— போகட்டும்.

— யாரோ படத்தைப் போகட்டும்னு நீங்க எப்படி...

— யாரோ இல்லைடா. என் படம். அந்தக் காய்க்கூடை மாஷிகிட்டத்தான் எங்காத்துல தினம் காய் வாங்கறோம். ரெண்டு மாசம் உக்காந்து வரைஞ்சேன். நீ ஒன்பதுன்னு சொன்னப்போ எனக்கு ஓன்னு அழணும் போல இருந்தது. ஆனா யாரோடதுன்னு நான் சொல்லாம இருந்து நீ போடற ஒன்பது எனக்கு வேண்டாம். கொடு போனை, கமிட்டிக்கு நானே எழுதறேன்.

— எதைத் திருப்பிக் கொடுக்க? யாரோடதுன்னு தெரியறதுக்கு முன்னாடி, நேத்தே ஒம்பது போட்டு அனுப்பிட்டேன்க்கா. இப்படி வரைஞ்சது யாருன்னு பாக்கணும்னு, காலையிலருந்து உங்க டிபார்ட்மெண்ட்ல எட்டுப் பேர்கிட்ட இதே மாதிரி காட்டுனேன். எட்டுப் பேரும் தலையில தூக்கி வச்சு ஆடுனாங்க, கழுவிக் கழுவி ஊத்துனது நீங்க ஒருத்தர்தான்.