சட்டையில் புகை வாசம்

விக்கிரமசிங்கபுரம் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு நண்பர்கள். ஒருவர் பாரில் வேலை பார்ப்பவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"பாருக்குள்ள சிகரெட் பிடிக்கக் கூடாதுன்னு சொன்னதுல இருந்து என் வீட்டுல தெனமும் சண்டைவே."

"நீருதான் சிகரெட்டே பிடிக்க மாட்டீரே!"

"அதாம்வே. முன்னெல்லாம் எம் பொண்டாட்டி புகை நாத்தம்னு சட்டைய வாசல்லயே கழத்தச் சொல்லுவா. இப்ப மோந்து பாத்துட்டு, 'வேலைக்குப் போகாம எங்கன சுத்திட்டு வாரிய?'ன்னு கேக்கா."

"சரி, பாருக்குள்ள எப்படி இருக்கு?"

"சொர்க்கம்வே! கண்ணு எரியல, இருமல் போச்சு. எங்க மாஸ்டர் சுண்டல்ல இஞ்சி போடுதாருன்னே இப்பதான் தெரியுது."

"அப்ப வீட்டுச் சண்டை?"

"அதுக்கு நேத்துதான் ஒரு வழி கண்டுபிடிச்சேன். வேலை முடிஞ்சதும் வெளிய சிகரெட் பிடிக்கிறவங்க நடுவுல கொஞ்ச நேரம் நின்னுட்டுத்தான் வீட்டுக்குப் போறேன்."