சூப்பர்சார்ஜர் ஓடிய பத்தொன்பது வினாடி

என் பெயர் சுஜா. வயது முப்பத்தொன்று. கணவர் பெயர் பிரைட்டன், வயது முப்பத்தைந்து. மான்குர்த் ஸ்டேஷனுக்குக் கிழக்கே சால் என்கிற வரிசைக் குடியிருப்பு ஒன்றில் பதினேழாம் எண் வீட்டில் கணவரோடும் ஆறு வயது மகளோடும் குடியிருக்கிறேன். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், நான் பிறந்தது தாராவியில். கார் எஞ்சின் வேலை என் கணவருடைய தொழில். எஞ்சினின் கம்ப்யூட்டரில் பெட்ரோல் அளவையும் தீப்பொறி நேரத்தையும் லேப்டாப் வழியாக மாற்றிக் கொடுப்பது என் தொழில். எனக்குத் தமிழ் நன்றாகப் பேச வரும், எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆகவே நான் சொல்லச் சொல்ல நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் எழுதுகிறார். சொல்வது என் தலைக்கே வந்து விடியும் என்று நடுவர் அவர்கள் மூன்று முறை எச்சரித்தார்கள். மூன்று முறையும் புரிந்தது என்றேன்.

செம்பூர் ஹரிகிருஷ்ணனை அடித்தது நான். என் கணவர் அடிக்கவில்லை. தானே அடித்ததாக அவர் போலீசிடம் சொல்லியிருப்பது பொய். அதை உடைக்கவே இன்று வந்திருக்கிறேன்.

ஹரிகிருஷ்ணனுக்கு முப்பத்து மூன்று வயது. மாட்டுங்காவில் பைப், பிட்டிங்ஸ் கடை வைத்திருந்தார், கல்யாணம் ஆகவில்லை, செம்பூரில் தனி வீட்டில் தாயார் உமாமகேஸ்வரியோடு இருந்தார். அவரிடம் ஜப்பானில் செய்த பழைய ஆறு சிலிண்டர் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருந்தது. அதில் சூப்பர்சார்ஜர் பொருத்த வேண்டும் என்பது அவர் ஆசை. சூப்பர்சார்ஜர் என்பது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் யந்திரம். எஞ்சின் முன்பக்கத்தில் ஓடும் பெல்ட்தான் அதைச் சுற்றும். துபாயிலிருந்து அதை வரவழைத்து, கராஜுக்குக் கொண்டுபோனால் நாலு பேர் கண்படும் என்று, வீட்டு ஷெட்டிலேயே வேலையைச் செய்யச் சொன்னார். நாங்கள் ஒப்புக்கொண்டு பத்து நாள் வேலை செய்தோம். அந்தப் பத்து நாளும் அந்தத் தாயார் எங்களுக்கு வேளா வேளைக்குச் சோறு போட்டார் என்பதையும் எழுதச் சொல்கிறேன்.

எனக்கும் என் கணவருக்கும் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. யாருடைய கை எஞ்சினுக்குள் இருக்கிறதோ அவர் பையில்தான் வண்டிச் சாவி இருக்கும். சம்பளக் கவரைக் கேட்காமலே என்னிடம் தருகிற என் கணவர், சாவியை மட்டும் கேட்டாலும் தர மாட்டார்.

நவம்பர் பதினான்காம் தேதி வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே முக்கால் மணிக்கு பெல்ட்டை மாட்டி முடித்தோம். பெல்ட் நேராக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டியிருந்ததால் அதன் மேல் மூடியைப் போடவில்லை. நான் மூன்றடி தள்ளி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து லேப்டாப்பை வண்டியோடு இணைத்தேன். புது அளவுகளை ஏற்றாமல் ஸ்டார்ட் பண்ணக் கூடாது, பண்ணினாலும் ரேஸ் கொடுக்கக் கூடாது என்று ஹரிகிருஷ்ணனிடம் முந்தின நாளே இரண்டு தடவை சொல்லியிருந்தேன். அதன் பிறகு தாயார் குங்குமம், கற்பூரம், நாலு எலுமிச்சம்பழம் வைத்த தட்டோடு ஷெட்டுக்கு வந்து, “ஏம்மா சுஜா, பத்தரைக்கு ராகு காலம் பொறந்துரும். சாவியக் குடு, தட்டுல வச்சுக் கும்பிட்டுருதேன்” என்றார். என் கணவர் பானட்டுக்குள் குனிந்திருந்தார். கையெல்லாம் கிரீஸ். “எடுத்துக் குடு. கும்பிட்டதும் திரும்ப வாங்கிரு” என்றார். நான் அவர் பையில் கையை விட்டு சாவியை எடுத்துத் தட்டில் வைத்தேன்.

கும்பிட்டு முடிந்தது. நான் திரும்ப வாங்கவில்லை. நாங்கள் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், அவர்கள் சாமித் தட்டில் கை வைத்தால் மனம் நோகுமோ என்று கூசினேன். இந்த வழக்கில் முதல் தப்பு அதுதான், அது என்னுடையது.

அதன் பிறகு தாயார் நாலு சக்கரத்துக்கும் பழம் வைத்துவிட்டு சாவியை மகன் கையில் கொடுத்தார். மணி பத்து இருபது. நான் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹரிகிருஷ்ணன் உள்ளே உட்கார்ந்து, “அண்ணா, ஹட்டிக்கோங்க” என்று விலகச் சொன்னதும் சாவியைத் திருப்பியதும் ஒன்றாக நடந்தது. என் கணவரின் வலது கை பெல்ட்டுக்கும் உருளைக்கும் நடுவில் இருந்தது.

அவர் அலறினார். பானட் தூக்கியிருந்ததால் உள்ளே இருந்தவருக்கு முன்னால் நடப்பது தெரியாது. அவர் ரேஸ் கொடுத்தார். சூப்பர்சார்ஜர் ஊளையிட்டது. பானட்டின் உட்பக்கமெல்லாம் ரத்தம் தெறித்தது. நான் ஓடிப்போய் ஜன்னலைத் தட்டி, “கை மாட்டிக்கிச்சு, பந்த் கரோ, நிறுத்துங்க” என்று கத்தினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பின்னால் நின்ற தாயார், “நல்ல நேரத்துல போட்ட வண்டிய பழம் ஏறாம அமத்தாதல” என்றார். எஞ்சின் சத்தத்தில் நிறுத்தச் சொன்னது மட்டும்தான் அவர் காதில் விழுந்திருக்கும், கை மாட்டியது தெரியாது, அவர் பார்வை பழத்தின் மேல் இருந்தது. ஹரிகிருஷ்ணன் மறுபடியும் மிதித்தார். நான் ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினேன்.

இது என் வாய்ப்பேச்சு மட்டும் அல்ல. லேப்டாப் எல்லாவற்றையும் பதிந்து வைத்திருக்கிறது, அதை ஒப்படைத்திருக்கிறேன். எஞ்சின் ஓடியது பத்தொன்பது வினாடி. இரண்டு முறை ரேஸ். இரண்டாவது முறை பதினான்காம் வினாடியில், நான் கத்திய பிறகு.

அதன் பிறகு என் கணவர் சிமெண்ட் தரையில் சரிந்தார். மூன்று விரலும் உள்ளங்கையில் பாதியும் இல்லை. தாயார் அப்போதுதான் பார்த்து, “எய்யா” என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு, கட்டுப் போடத் துணி எடுக்க வீட்டுக்குள் ஓடினார். ஹரிகிருஷ்ணன் இறங்கி வந்தார். கீழே கிடந்தவரைத் தாண்டிக் காலை வைத்து எஞ்சினுக்குள் எட்டிப் பார்த்து, “அரே, பெல்ட் பிஞ்சு போச்சே” என்றார்.

தரையில் டாமி கிடந்தது. டாமி என்பது நட்டு கழற்றும் இரும்புக் கம்பி, இரண்டு அடி நீளம். அதை எடுத்து அவர் தோளில் அடித்தேன். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. அவர் திரும்பி, “பைத்தியமா ஒனக்கு?” என்றார். இரண்டாவது அடியைக் காதுக்கு மேலே போட்டேன். பம்பரில் மோதிக் குப்புற விழுந்தார். கை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார். அப்போது எனக்கு நிதானம் வந்துவிட்டது. போதும் என்று நினைக்க நேரம் இருந்தது. நினைக்கவும் செய்தேன். இருந்தும் பின்மண்டையில் மூன்றாவது அடியை அடித்தேன். கோபத்தில் கண் தெரியவில்லை என்று சொன்னால் தண்டனை குறையும் என்கிறார்கள். எனக்குக் கண் நன்றாகத் தெரிந்தது.

அதன் பிறகு என் கணவர், “சுஜா, டாமிய இங்க போடு” என்றார். போட்டேன். அவர் இடது கையால் அதைத் தன் ரத்தத்தில் புரட்டிப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “இனி நா எந்த வேலைக்கு ஆவேன்? ஒனக்கு லேப்டாப் இருக்கு, பிள்ளையக் காப்பாத்திருவ. நாந்தான் அடிச்சேன். நீ வாயத் தொறக்காத.” அதற்குள் தாயார் வெள்ளைத் துணியோடு ஓடி வந்தார். என் கணவரின் கைக்காகக் கொண்டுவந்த அந்தத் துணியை மகனின் தலையில் வைத்து அழுத்தினார். அந்த அம்மாளிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை. அவர் மகன் ஐந்தாம் நாள் மருத்துவமனையில் இறந்தார்.

என் கணவர் சொன்ன கணக்கு சரியான கணக்கு. அதனால்தான் பதினோரு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மகளிடம் அப்பா வேலைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிச் சமாளித்தேன்.

நேற்று பிற்பகல் மருத்துவமனையில் போலீஸ் காவல் வார்டில் அவரைப் பார்க்க அனுமதி கிடைத்தது. வலது கை மணிக்கட்டு வரை கட்டு. மிச்சமிருக்கும் இடது கையைக் கட்டிலோடு சேர்த்து விலங்கு மாட்டியிருந்தார்கள். பக்கத்து ஸ்டூலில் தண்ணீர் நிரம்பிய டம்ளர் இருந்தது. “எப்ப வச்சது?” என்றேன். “காலைல” என்றார். உதடு வெடித்திருந்தது. நான் எடுத்துக் குடிக்க வைத்தேன். முழுவதையும் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, “யார்ட்டயும் சொல்லிராத, என்ன” என்றார்.

அந்த விலங்கு என் கைக்குரியது. அதை அவிழ்த்து எனக்கு மாட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இதில் உள்ள எதையும் யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, யாருக்கும் பயந்தும் சொல்லவில்லை. எழுதியதை மொழிபெயர்ப்பாளர் முழுவதும் படித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) சுஜா பிரைட்டன்
நவம்பர் 26, முற்பகல் 11.40