அந்தக் கதிரைக்குரியவ இண்டைக்கு வரமாட்டா

வரமாட்டா, சாந்தகுமாரி அக்கா. அதைச் சொல்லத்தான் ஓடி வந்தனான். “அம்மா எங்க தம்பி, இன்னும் காணேல்லையே” எண்டு முன்வரிசையில இருந்து கேட்டீங்கள், உங்களுக்குத்தான் முதல் பதில். மாலை போட்டு வைச்சிருக்கிற இந்தக் கதிரைக்கு உரியவ, ஓபராப் பாடகி ரதிதேவி, என்னைப் பெத்தவ, இண்டைக்கு இங்க வரமாட்டா.

பொறுங்கோ ஐயா, மைக்கைப் பறிக்காதேங்கோ. முறையாத் தொடங்கிறன். மேடையை நிறைச்சு வீற்றிருக்கிற தலைவர் மகேசன் ஐயா அவர்களே, விழாவைத் தோளில தூக்கி நடத்திற செயலாளர் ஆனந்தராசா மாமா அவர்களே, லின்ஃபீல்டில இருந்து வெளிக்கிட்டு பார்க்கிங் தேடிக் களைச்சு வந்த பெரியோர்களே, வடை சுட்ட கையோட வந்திருக்கிற தாய்மாரே, போனுக்குள்ள தலையை விட்டிருக்கிற தம்பி தங்கச்சிமாரே, எல்லாருக்கும் வணக்கம். நான் கௌசிகன். ஓம், யூனிவர்சிட்டியைப் பாதியில விட்ட அதே கௌசிகன்தான். தமிழ்ப் பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டிதான் நான் ஒழுங்கா முடிச்ச ஒரே படிப்பு. அதால கேளுங்கோ.

ஓபரா எண்டா என்ன? மைக் இல்லாமப் பாடுற கூத்து. இந்த மைக்கை நிப்பாட்டினா என்ர சத்தம் மூண்டாம் வரிசைக்கும் வராது. அம்மாவின்ர சத்தம் ஒரு முழு வாத்தியக் குழுவைத் தாண்டி, மாடியைத் தாண்டி, கடைசிக் கதிரையில கொட்டாவி விடுறவரையும் நிமித்தி வைக்கும்.

அவ எப்பிடி வந்தவ? சண்டைக்குத் தப்பி வந்தவ. எங்க நிண்டவ? ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில நிண்டவ. என்ன பாடினவ? மெஷின் இரைச்சலுக்கு மேலால தேவாரம் பாடினவ. அதைக் கேட்ட ஒரு நேர்ஸ் ஓபராக்காரரிட்டக் கூட்டிக்கொண்டு போனா. “என்ன பாடப் போறீங்கள்?” எண்டு கேட்டினமாம். “எனக்குத் தெரிஞ்சது தேவாரம்.” பியானோக்காரர் எதை வாசிக்கிறதெண்டு தெரியாமக் கையை மடியில வைச்சிட்டார். தனியப் பாடினா. அடுத்த கிழமை, கூட்டமாச் சேர்ந்து பாடுற கோரஸில நிண்டா.

கூட்டத்தில ஒருத்தியா வந்தா. வேலைக்காரியா வந்தா. தோழியா வந்தா. கடைசியில ராணியா வந்தா. ராணியான பிறகு ஒவ்வொரு முறையும் செத்தா. நஞ்சு குடிச்சுச் செத்தா, கத்தி பட்டுச் செத்தா, காசநோயில செத்தா. சின்ன வயசிலயே எனக்கு அது பழகிப் போச்சு. செத்து முடிஞ்சு வீட்டை வந்து நூடுல்ஸ் அவிச்சுத் தருவா. கிருசாந்தி அக்கா ஒருக்காப் பாத்திட்டுக் கேட்டவ, “தம்பி, காசநோய்க்காரிக்கு எங்கயடா இவ்வளவு மூச்சு?” சிரிக்காதேங்கோ அக்கா, நீங்கள்தான் கேட்டனீங்கள்.

இப்ப கொஞ்சக் காலமா அம்மா ‘கவர்’. அப்பிடியெண்டா, இளம் பிள்ளை ஒண்டு முக்கிய வேஷம் பாடும். அதுக்குச் சுகமில்லாமப் போனா ஏறிப் பாட, எல்லாத்தையும் பாடமாக்கிக்கொண்டு ஒராள் காத்திருக்கோணும். பிள்ளைக்கு ஒரு தடிமன் காய்ச்சலும் வரேல்லை. அம்மாவும் மேடை ஏறேல்லை.

போன மாசம் ஆனந்தராசா மாமாவை ஒத்திகை பாக்கக் கூட்டிக்கொண்டு போனன். அண்டைக்கு ஒத்திகைக்கு மட்டும் அந்தப் பிள்ளையின்ர இடத்தில அம்மா நிண்டவ. ஒத்திகையில அவையள் தொண்டையைத் திறக்கிறேல்லை. உச்சியில பாடவேண்டியதைக் கீழ பாடுவினம், மிச்சத்தை முணுமுணுப்பினம். குரலைச் சேமிக்கிற வழக்கம். மாமா காருக்குள்ள கண்ணைத் துடைச்சார். “பாவம் ரதி, குரல் போயிட்டுது.” நான் விளங்கப்படுத்தினன். “பெத்த பிள்ளை வேற என்ன சொல்லும்” எண்டார்.

பிறகு சான்ட்ரிங்ஹாம் கடைக் கண்ணாடியில போஸ்டர். ‘ஓய்வுபெறும் இசையரசிக்குப் பாராட்டு விழா.’ அம்மா முருங்கைக்காயும் கையுமா நிண்டு வாசிச்சா.

“அம்மா, நீங்கள் ரிட்டயர் ஆகிறீங்களோ?”

“அப்பிடித்தான் போல. கண்ணாடியில போட்டிருக்கு.”

சிரிச்சா. பிறகு கீழ இருந்த நிகழ்ச்சிகளை வாசிச்சா. நடனம் இருக்கு. வயலின் இருக்கு. கரோக்கியும் இருக்கு. ரதிதேவி பாடுவா எண்டு மட்டும் எங்கயும் இல்லை. அப்ப சிரிக்கேல்லை.

சபையோரே, பாடியே வாழ்ந்த ஒருத்தியைக் கூப்பிட்டு, எல்லாரும் பாட, நீ மட்டும் இருந்து கேள் எண்டுறதோ பாராட்டு? மாலை போட்டு மௌனமாக்கிறதோ மரியாதை? நல்ல மனசோடதான் செய்தனீங்கள், மாமா. அது விளங்கினபடியாத்தான் அவவும் வாறன் எண்டவ.

குரல் போச்சோ? போஸ்டர் பாத்த அண்டைக்கே காரில வீட்டை போகேக்க, பக்குரங்கா சிக்னல்ல சிவப்பு. “கண்ணாடியை ஏத்து” எண்டா. ஏத்தினன். ஒத்திகையில கீழ பாடின அந்த உச்சிச் சுரத்தை ஒருக்கா முழுசா விட்டா. முன்னுக்கு நிண்ட வான்காரர் ஆம்புலன்ஸ் எண்டு நினைச்சு ஓரங்கட்டி வழி விட்டார். நான் விழுந்து சிரிச்சன். அவ முடிச்ச பிறகும் என்ர கைக்குக் கீழ கண்ணாடி அதிர்ந்துகொண்டிருந்தது. சிரிப்பு நிண்டுது.

இண்டைக்கு மத்தியானம், பட்டுச்சேலை கட்டி, பூ வைச்சு, இங்க வர வெளிக்கிட்டாச்சு. போன் அடிச்சுது. முக்கிய வேஷம் பாடுற அந்தப் பிள்ளைக்குத் தொண்டை அடைச்சுப் போச்சாம். அம்மா “யெஸ்” எண்டா. பூவைக் கழட்டி என்ர கையில தந்தா. அதோட கதை நிண்டுது. பாடுற நாளில அவ கதைக்கிறேல்லை. டவுனுக்கு நான்தான் காரில கொண்டுபோனன். தியேட்டர்ப் பின்கதவில இறங்கேக்க மட்டும் மெல்லமாச் சொன்னா:

“கௌசி, எல்லாருக்கும் நான் கும்பிட்டதெண்டு சொல்லு. பொன்னாடையைப் பிறகு வாங்கிறன். எனக்கு இண்டைக்கு வேலை இருக்கு.”

வேலை இருக்கு. கேட்டீங்களோ தாய்மாரே? ஓய்வுபெற்றவ பேசுற பேச்சோ இது? அவவின்ர கதிரைக்கு மாலை இங்க, அவ நிக்கிற மேடை அங்க. அவவின்ர சனம் முழுக்க இங்க, அவவின்ர குரல் அங்க. இது நியாயமோ? தியேட்டர் மாடியில இடம் இருக்கு, கேட்டிட்டுத்தான் வந்தனான். வடையைக் கட்டுங்கோ. கரோக்கி எங்கயும் ஓடாது.

மாமா, என்ர காரில முன்சீட் உங்களுக்கு. முணுமுணுப்பைக் கேட்டனீங்கள், இனி முழுசையும் கேக்க வேண்டாமோ?

ஓம். எழும்பிட்டார். பொன்னாடையையும் எடுக்கிறார்.

தலைவருக்கு நன்றி, பொறுத்துக் கேட்ட எல்லாருக்கும் நன்றி, வணக்கம். காரை நிப்பாட்டக்கூடாத மஞ்சள் கோட்டில விட்டிட்டு வந்தனான். இப்ப நான் போகோணும்.