ஏழாவது ப்ராம்ப்ட்

இயந்திரத்திடம் கேட்கும்போதும் நான் 'தயவுசெய்து' போடுவேன் மேடம். அலுவலகத்தில் இதற்காகக் கிண்டல் செய்வார்கள். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் வீட்டில் வேலைக்கு வருபவர்களைக்கூட வாங்க, போங்க என்றுதான் கூப்பிடுவோம். மரியாதை எனக்கு வளர்ப்பிலேயே வந்தது. நேற்று நான் சொன்னதை நீங்கள் எழுதிக்கொண்டது கொஞ்சம் முன்பின்னாக இருக்கிறது, அதனால் மறுபடி ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் குமரப்பன். கிள்ளானில் ஒரு சரக்குக் கிடங்கில் அறிக்கை தயாரிப்பது என் வேலை.

எங்கள் கிடங்கில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது அடிபடப் பார்த்துத் தப்பித்தால், ஒரு மஞ்சள் தாளை நிரப்பிப் பெட்டியில் போட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான் அந்தத் தாள்களைக் கணினியில் ஏற்றி, அதிலிருந்து முக்கியமானதை 'இன்சைட்' என்று டைரக்டர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். முன்பு இதற்கு ஒரு வாரம் பிடிக்கும். பிறகு சுபாங் ஜெயாவில் ஒரு ஹோட்டலில் நடந்த ஒருநாள் பயிற்சிக்குக் கம்பெனி என்னை அனுப்பியது. ஏஐயிடம் எப்படிக் கேட்பது என்று சொல்லிக்கொடுத்தார்கள். அப்படிக் கேட்பதற்குப் பெயர் ப்ராம்ப்ட். நீ இன்னார் என்று அதற்கு ஒரு வேடம் கொடுக்க வேண்டும், படிக்கப்போவது யார், எந்த வடிவில் வேண்டும், எது வேண்டாம் என்பதெல்லாம் சொல்ல வேண்டும். மதியச் சாப்பாடு சுமார்தான். பாடம் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

அந்தத் தடவை அறுபத்துமூன்று தாள். ஏற்றிவிட்டுச் சாதாரணமாகத்தான் கேட்டேன்: இதில் மிக முக்கியமானது எது, தயவுசெய்து சொல். உடனே பதில் வந்தது. நாற்பத்தொரு தாள் இரண்டாம் மாடி சரக்கு லிப்ட்டைப் பற்றியது. லிப்ட் மேலே வராமலேயே அதன் கதவு திறந்துகொள்கிறது. இன்றே நிறுத்திப் பழுது பாருங்கள், இல்லாவிட்டால் யாராவது விழுந்து சாகக்கூடும் என்று எழுதியிருந்தது.

மேனேஜர் யுவராஜிடம் காட்டினேன். அவர் கெட்டவர் இல்லை. "என்னா குமரா, இது இன்சைட் இல்ல லா, கம்ப்ளெய்ன்ட்டு. ராயா பெருநாள் ஸ்டாக் பூரா மேல கெடக்கு, இப்பப் போயி லிப்ட்ட நிறுத்தச் சொல்றியா? நீ கேட்ட விதம் சரியில்ல. வேற மாதிரி கேளு" என்றார்.

எனக்கு அவமானமாகிவிட்டது. பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியவன் நான். கேட்ட விதம் சரியில்லை என்றதைத்தான் தாங்க முடியவில்லை. லிப்ட் அப்போது என் மனசிலேயே இல்லை.

திருத்தினேன். நீ இருபது வருட அனுபவமுள்ள ஆலோசகர், படிப்பவர்கள் டைரக்டர்கள், மூன்றே வரி, நம்பிக்கை தரும் தொனி. மூன்று வரி அழகாக வந்தது, அடியில் நான்காவதாக லிப்ட். வேலையை நிறுத்தச் சொல்லாதே என்று சேர்த்தேன். நிறுத்தச் சொல்லவில்லை, பழுது பார்க்கச் சொன்னது. அடிக்குறிப்பு வேண்டாம் என்றேன். குறிப்பை முதல் வரிக்குள்ளேயே நுழைத்துவிட்டது. இப்படியே மொத்தம் ஆறு ப்ராம்ப்ட் ஆகிவிட்டது. அடம்பிடிக்கும் பிள்ளைக்குச் சோறு ஊட்டுவது மாதிரிதான், வாயைத் திறக்கும்வரை வேறு வேறு கதை சொல்ல வேண்டும்.

ஏழாவது ப்ராம்ப்ட்டில் லிப்ட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை. தாள் எழுதியவர்களைப் பற்றிக் கேட்டேன். அதிகம் எழுதியவர் யார், அவர் இல்லாவிட்டால் எண்ணிக்கை என்ன ஆகும், தயவுசெய்து. அழகிரி என்று வந்தது. நாற்பத்தொன்றில் முப்பத்தெட்டு அவர் எழுதியது. அவர் இல்லாவிட்டால் மொத்தத்தில் அறுபது சதவீதம் குறையும். குறையப்போவது தாள்தான், ஆபத்து குறையாது என்று அடுத்த வரியில் இருந்தது. டைரக்டர்களுக்குக் காட்டும் ஸ்லைடில் ஒரு வரிக்குத்தான் இடம், அதனால் இரண்டாவதை எடுத்துவிட்டேன்.

அழகிரி அறந்தாங்கிக்காரர். வொர்க் பெர்மிட்டில் வந்தவர், பண்டமாரானில் ஒரு கடைவீட்டு மாடியில் எட்டுப் பேரோடு தங்கியிருந்தார். அவர் தாள்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. தேதி, நேரம், நான் லிப்ட்டில் சரக்கு ஏற்றுகிறவன், நடந்தது இது, செய்ய வேண்டியது இது, கதவில் கயிறு கட்டிவைத்தால் மட்டும் போதாது. எந்த ஹோட்டலுக்கும் போகாமல் அந்த மனிதர் அவ்வளவு தெளிவாகக் கேட்டிருந்தார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. முப்பத்தெட்டுத் தடவை கேட்டும் பதில் வரவில்லை என்பது வேறு விஷயம்.

அவருடைய பெர்மிட் அடுத்த மாதம் முடிய இருந்தது. ஸ்லைடைப் பார்த்துவிட்டுக் கம்பெனி அதைப் புதுப்பிக்கவில்லை. கிளம்பும் அன்று என் மேசைக்கு வந்தார்.

"சார், நான் எழுதுனதெல்லாம் படிச்சீங்களா?"

"எல்லாத்தையும் படிச்சேன் அழகிரி." அது பொய்யில்லை.

"அப்பச் சரி சார். அந்தக் கதவ மட்டும் பாத்துக்குங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

பிறகு பெட்டியையும் எடுத்துவிட்டோம். தாளுக்குப் பதில் ஆன்லைன் படிவம். கம்பெனி மின்னஞ்சல் இருந்தால்தான் உள்ளே போக முடியும், பெட்டி கட்டுகிறவர்களுக்குக் கம்பெனி மின்னஞ்சல் கிடையாது. அந்த யோசனையும் என்னுடையதுதான், யுவராஜ் தலையில் போட வேண்டாம். அடுத்த அறிக்கையில் பூஜ்யம். வாசலில் விபத்தில்லா நாட்களை எண்ணும் பலகை மாட்டினோம். தொண்ணூறாம் நாள் கேக் வெட்டி முதல் துண்டை எனக்குக் கொடுத்தார்கள். சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

மாரியாயி அக்கா இரண்டாம் மாடியில் பெட்டி கட்டுகிறவர். கேக் வாங்க வந்தவர் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். "தம்பி, அந்த லிப்ட் கதவு இன்னும் அப்படியேதான் தொறந்துக்குது லா. தாளு போடுற பெட்டியக் காணோம். யார்கிட்டச் சொல்றது?"

"ரிப்போர்ட்ல அப்படி எதுவும் இல்லியே அக்கா" என்றேன். அன்பாகத்தான் சொன்னேன்.

"அப்படியா? ஆபீஸ்ல படிச்சவங்க, உங்களுக்குத் தெரியாததா" என்று சிரித்தார். மகளுக்கு ஒரு துண்டை டிஷ்யூவில் சுற்றி எடுத்துக்கொண்டு மேலே போனார்.

தொண்ணூற்றேழாம் நாள் காலை பத்தேகாலுக்கு, தள்ளுவண்டியைப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு அந்தக் கதவுக்குள் போனார். லிப்ட் கீழே இருந்தது.

இரங்கல் செய்தியை என்னைத்தான் தயாரிக்கச் சொன்னார்கள். அதற்கு ஒரே ப்ராம்ப்ட் போதுமாக இருந்தது. அடியில் ஒரு குறிப்பு: என்ன நடந்தது என்பதையும் குடும்பத்தாரிடம் சொல்வது நல்லது. பழக்கத்தில் அதையும் எடுத்துவிட்டேன்.

நீங்கள் தட்டச்சு செய்து கொடுத்த வாக்குமூலத்தைப் படித்தேன் மேடம். தேதிகள் சரி, பெயர்கள் சரி. மூன்றாம் பக்கத்தில் மட்டும் 'கவனக்குறைவால்' என்று இருக்கிறது. அந்த ஒரு சொல் இருந்தால் தண்டனை குறையும் என்று வக்கீல் சொன்னார். பரவாயில்லை, தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள். ஏழு ப்ராம்ப்ட்டிலும் ஒவ்வொரு சொல்லையும் நான் யோசித்துத்தான் போட்டேன்.